வீட்டின் பழைய கணினி இயங்க மறுத்தால் முதலில் எதைக் கழற்ற வேண்டும்?

அப்பா 2007இல் வாங்கிய அசெம்பிள் செய்த மேசைக் கணினி நான்கு ஆண்டுகளாகத் தொடப்படாமல் மூலையில் இருந்ததாகவும், இப்போது பொத்தானை அழுத்தினால் மின்விசிறி இரண்டு விநாடி சுற்றி நின்று, தானாகவே மறுபடி சுற்றத் தொடங்கி மறுபடி நிற்பதாகவும், திரையில் எதுவுமே வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்துக் கடைக்காரர் கேபினட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். அக்காவின் திருமணப் படங்களும் அப்பா தட்டச்சு செய்து வைத்த கட்டுரைகளும் அதற்குள்தான் இருக்கின்றன. ஆகவே "கணினியை எப்படி ஓட வைப்பது" என்று நீங்கள் கேட்டிருந்தாலும், உங்கள் கவலை உண்மையில் அந்தப் படங்களையும் கட்டுரைகளையும் பற்றியது என்றே நான் புரிந்துகொள்கிறேன். இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். கணினி பிழைக்குமா என்பதை அதைப் பிரித்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கோப்புகள் கிடைக்குமா என்றால், நீங்கள் விவரிக்கும் அறிகுறியை வைத்துப் பார்க்கும்போது கிடைப்பதற்கான வாய்ப்பே மிக அதிகம். கணினிப் பழுதுபார்ப்பையே பல ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், செய்ய வேண்டிய வரிசையிலேயே இதை விளக்குகிறேன்.

பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். முதலில் எஸ்எம்பிஎஸ் என்று நாம் சொல்லும் மின்பெட்டி 12, 5, 3.3 வோல்ட் மின்னழுத்தங்களை உண்டாக்கி, அவை நிலைப்பட்டதும் "மின்சாரம் சரியாக இருக்கிறது" என்ற சைகையை, எல்லாப் பாகங்களும் செருகப்பட்டிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டுக்கு அனுப்புகிறது. அந்தச் சைகை வந்த பிறகே பிராசசர் விழித்து, பயாஸ் என்ற சிறு நிரலை ஓட்டுகிறது. பயாஸ் தற்காலிக நினைவகமான ராமைச் சோதிக்கிறது, பிறகு திரைக்கு உயிர் கொடுக்கிறது, அதன் பின்னர்தான் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கிறதா என்று தேடுகிறது. உங்கள் கணினி இந்த வரிசையின் முதல் படியிலோ இரண்டாம் படியிலோ தடுக்கி விழுகிறது. ஹார்ட் டிஸ்க்கின் முறை இன்னும் வரவே இல்லை. டிஸ்க்கின் அடிப்பகுதியில் உள்ள மின்சுற்று ஷார்ட் ஆகி, அதனால் எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் அரிதான ஒரு நிலை உண்டு. அதைச் சோதிப்பதற்கும் டிஸ்க்கைக் கழற்றத்தான் வேண்டும். எனவே எந்த வழியில் யோசித்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்துவிடுங்கள். இனி பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு அழுத்தலின்போதும் அரைகுறை மின்சாரம் டிஸ்க்குக்கும் போகிறது.

கழற்றுவது கடினமான வேலை அன்று. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் எஞ்சியிருக்கும் மின்னூட்டம் வடிந்துவிடும். கேபினட்டின் பக்கத் தகட்டை நீக்கி, வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். 2007ஆம் ஆண்டுக் கணினி என்பதால் டிஸ்க் இரண்டு வகைகளில் ஒன்றாக இருக்கும். பட்டையான அகலக் கேபிளும் 40 ஊசிகளும் இருந்தால் அது ஐடிஇ. விரல் அகலம்கூட இல்லாத, எல் வடிவ வாய் கொண்ட கேபிள் இருந்தால் அது சாட்டா. எந்த வகை என்று பார்த்துக்கொண்டு அதற்கேற்ற யுஎஸ்பி அடாப்டரை வாங்குங்கள். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க் சுழல 12 வோல்ட் தேவை. அதை யுஎஸ்பி வாய் தராது. மடிக்கணினி டிஸ்க்குக்கென்று விற்கும் மலிவான கேபிளை வாங்கி வந்து மாட்டி, டிஸ்க் சுற்றவில்லை என்றதும் அது செத்துவிட்டது என்று முடிவுகட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தனி மின்இணைப்புடன் வரும் அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள். ஐடிஇ டிஸ்க்காக இருந்தால் அதன் பின்புறத்தில் இரண்டு ஊசிகளை இணைக்கும் சிறிய மூடியான ஜம்பர் "மாஸ்டர்" நிலையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் கொடுத்ததும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். மெல்லிய சுழற்சிச் சத்தம் சில விநாடிகளில் ஏறி ஒரே சீராக நின்று, பிறகு லேசான கரகரப்பு கேட்டால் டிஸ்க் நலமாக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். கடிகாரம் போல ஒரே இடைவெளியில் "டிக், டிக்" என்று தட்டிக்கொண்டே இருந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். உள்ளே படிக்கும் முனை பழுதாகியிருக்கக்கூடும், ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டில் கீறல் விழலாம். அந்த நிலையில் வீட்டு வைத்தியம் கிடையாது. ஃப்ரீசரில் வைத்து எடுப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது என்று இணையத்தில் சொல்லப்படும் எதையும் செய்ய வேண்டாம். தரவு மீட்பதையே தொழிலாகச் செய்யும் இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். செலவு பல ஆயிரங்களில் இருக்கும், முழுதாக மீளும் என்ற உறுதியும் இராது. உங்கள் கணினி ஓடிக்கொண்டிருந்த கடைசி நாட்களில் கோப்புகள் திறப்பதில் தாமதமோ சத்தமோ இருந்ததாக நீங்கள் குறிப்பிடவில்லை. அதனால் இந்த நிலை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இன்றைய விண்டோஸ் கணினியில் அந்த டிஸ்க்கை இணைக்கும்போது இரண்டு செய்திகள் உங்களைப் பயமுறுத்தலாம். "பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று வந்தால் ரத்து செய்யுங்கள். "பிழைகளைச் சரிசெய்யவா" என்று கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள், ஏனென்றால் பிரதி எடுத்து முடிக்கும்வரை அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூடப் புதிதாக எழுதப்படக் கூடாது. அப்பாவின் பெயரில் உள்ள கோப்புறையைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று வந்தால் அது பழுதன்று. பழைய கணினியின் பயனர் கணக்கை இந்தக் கணினிக்குத் தெரியாது என்பதுதான் பொருள், தொடரச் சொன்னால் பெரும்பாலும் திறந்துவிடும். விண்டோஸ் எக்ஸ்பியாக இருந்திருந்தால் சி டிரைவில் "டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்" என்ற கோப்புறைக்குள் பயனர் பெயரில் எல்லாம் இருக்கும். டெஸ்க்டாப்பில் வைத்திருந்தவையும் அங்கேதான் இருக்கும். முதலில் கட்டுரைகள், பிறகு படங்கள், கடைசியாக வீடியோக்கள் என்ற வரிசையில் எடுங்கள். அளவில் சிறியதும் மறுபடி உண்டாக்க முடியாததும் முதலில் கைக்கு வந்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் தமிழில் எழுதியவர்களின் கணினிக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் தமிழில் தட்டச்சு செய்தவர்கள் பலர், இன்று எல்லாக் கணினிகளும் புரிந்துகொள்ளும் பொது எழுத்து முறையான யுனிகோடில் எழுதவில்லை. பாமினி, டேப், டேம், டிஸ்கி என்று ஆளுக்கொரு முறையில் எழுதினார்கள். தமிழ்நாடு அரசே 1999இல் டேப், டேம் முறைகளை ஏற்று, 2010இல்தான் யுனிகோடுக்கு மாறியது. பாமினியில் "அம்மா" என்று அடித்து வைத்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகள் வரிசையாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் "ஃபான்ட்ஸ்" கோப்புறையையும் முழுதாகப் பிரதி எடுத்து வையுங்கள். அப்பா பயன்படுத்திய எழுத்துரு அதில் இருக்கும். அதன் பெயர் தெரிந்தால் யுனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் பல கிடைக்கின்றன. பெயர் தெரியாமல் ஒவ்வொரு முறையாகப் போட்டுப் பார்ப்பது பெரும் அலுப்பு.

பிரதி எடுத்து, அதை இரண்டு இடங்களில் வைத்தும் ஆகிவிட்டதென்றால், இனி பதற்றமில்லாமல் கணினியைப் பார்க்கலாம். டிஸ்க்கை இப்போதைக்கு மீண்டும் மாட்ட வேண்டாம். திறப்பதற்கு முன் வெளியே உள்ளவற்றை முடித்துவிடுங்கள். யுபிஎஸ் வழியாக இணைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகள் சும்மா கிடந்த யுபிஎஸ்ஸின் பேட்டரி நிச்சயமாக நல்ல நிலையில் இருக்காது, சுமை ஏறியதும் அது விழுந்துவிட்டாலும் உங்களுக்கு இதே அறிகுறிதான் தெரியும். நேராகச் சுவரில் உள்ள, எர்த் இணைப்புள்ள மூன்று துளைப் பிளக்கில் செருகிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறத்தில் சிவப்பு நிறத்தில் 115, 230 என்று மாற்றும் விசை இருந்தால் அது 230இல் இருக்க வேண்டும். கேபினட்டை நகர்த்தும்போது அது தவறுதலாக நகர்ந்திருந்து, அப்படியே செருகினால் எஸ்எம்பிஎஸ் வெடிச் சத்தத்துடன் போய்விடும். மானிட்டரைத் தனியாக ஓட்டி, கேபிளைக் கழற்றியதும் "சிக்னல் இல்லை" என்ற செய்தி வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் மதர்போர்டின் வாயில் கேபிளைச் செருகிவிட்டு டிஸ்ப்ளே இல்லை என்று தேடுவதும் அடிக்கடி நடப்பதுதான்.

அடுத்து உள்ளே. தூசியைத் தூரிகையாலோ புளோயராலோ நீக்கும்போது மின்விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கரப்பான் எச்சமும், எஸ்எம்பிஎஸ்ஸின் துளை வழியே நுழைந்து காய்ந்துபோன பல்லியும் நம் ஊர்க் கணினிகளில் சாதாரணம். பல்லி செத்த இடம் மின்சுற்றாக இருந்தால் அதுவே ஷார்ட்டுக்குப் போதுமானது. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். பிறகு மதர்போர்டில் பிராசசரைச் சுற்றிச் சிறிய உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களைக் கண்ணால் பாருங்கள். அவற்றின் தலையில் எக்ஸ் அல்லது கே வடிவில் கோடு இருக்கும். நல்லவற்றில் தலை தட்டையாக இருக்கும், கெட்டவற்றில் அப்பளம் போல உப்பி, சிலவற்றில் பழுப்பு நிறக் கசிவும் காணப்படும். ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை வந்த போர்டுகளில் மோசமான மின்பகு திரவம் கொண்ட கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் பரவலாக இருந்தன. உங்கள் கணினி அந்தக் காலத்தின் விளிம்பில் நிற்கிறது. உப்பியது ஒன்று இருந்தாலும் அது கண்ணால் கண்ட சான்று. எல்லாம் தட்டையாக இருந்தால் அவை நல்லவை என்று சொல்லிவிட முடியாது. உப்பாமலே தன்மை இழப்பவையும் உண்டு.

கண்ணுக்குக் குறை தெரியவில்லை என்றால் ராமுக்கு வாருங்கள். உங்களுடையது அநேகமாக டிடிஆர்2 வகையாக இருக்கும். இரு முனைக் கொண்டிகளையும் வெளிப்புறமாகத் தள்ளி எடுத்து, தங்க நிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் மென்மையான ரப்பரால் நீளவாக்கில் லேசாகத் தேய்த்து, துகள்களை முற்றிலும் தட்டிவிட்டு மறுபடி இரு பக்கமும் "கிளிக்" என்று பூட்டும்வரை அழுத்துங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் இந்தப் பற்களில் படலம் படிவது சர்வ சாதாரணம். இந்த ஒரு வேலையிலேயே உயிர்பெற்ற கணினிகள் ஏராளம். உயிர்பெறவில்லை என்றால் ராமைத் திரும்பவும் கழற்றி, ராமே இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். இது விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியவில்லை. ராம் இல்லை என்று சிறிய ஸ்பீக்கரிலிருந்து "பீப்" ஒலி எழுந்தால், அந்த ஒலியை எழுப்பியது பிராசசரில் ஓடும் பயாஸ் என்பதால், பிராசசரும் போர்டின் பெரும்பகுதியும் எஸ்எம்பிஎஸ்ஸும் வேலை செய்கின்றன என்று பொருள். குற்றம் ராமிலோ அதன் துளையிலோ இருக்கிறது. ஒலியே இல்லை என்றால் முடிவு அவ்வளவு உறுதியானதன்று, ஏனென்றால் அசெம்பிள் செய்த பல கேபினட்டுகளில் அந்த ஸ்பீக்கரையே மாட்டியிருக்க மாட்டார்கள். பீப் எண்ணிக்கைக்கு இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களைப் பார்க்கும்போதும் எச்சரிக்கை தேவை. அவார்டு பயாஸுக்கும் ஏஎம்ஐ பயாஸுக்கும் பொருள் வேறு, உங்கள் போர்டின் பயாஸ் எது என்று தெரியாமல் எண்ணுவதில் பயனில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் வேண்டும். கணினியை ஓட்டாமல், மின்கம்பியை மட்டும் செருகிய நிலையில், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் 24 ஊசி இணைப்பின் ஊதா நிறக் கம்பியில் 5 வோல்ட் இருக்க வேண்டும். ஓட்டும்போது மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வர வேண்டும். 5 சதவீதம் கூடலாம் குறையலாம், அதாவது மஞ்சளில் 11.4க்குக் கீழே போகக் கூடாது. இணைப்பைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சைக் கம்பியையும் கறுப்பையும் ஒரு துண்டு கம்பியால் இணைத்து விசிறி சுற்றுகிறதே, எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று கடைகளில் காட்டுவார்கள். அது அரைச் சான்றுதான். சுமையில்லாமல் சுற்றும் எஸ்எம்பிஎஸ் சுமை ஏறியதும் படுத்துவிடலாம். பல முறை பொத்தானை அழுத்திய பிறகு சூடேறி ஒருவழியாக ஓடும் கணினி என்றால், முதுமையடைந்த கெப்பாசிட்டர்களே காரணமாக இருப்பது வழக்கம். வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. அப்படி மாட்டும்போது பிராசசருக்கு அருகில் செருகும் 4 ஊசி இணைப்பை மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் விசிறி சுற்றும், டிஸ்ப்ளே வராது.

கடைசி நாட்களில் ஒவ்வொரு முறையும் எஃப்1 விசையை அழுத்தச் சொன்னதாகவும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிக் காட்டியதாகவும் எழுதியிருந்தீர்கள். அது பெரும்பாலும், தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காத்துவைக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்ததன் அடையாளம். சிஆர்2032 என்ற நாணய வடிவ 3 வோல்ட் பேட்டரி, சில பத்து ரூபாய்தான். பழையதை எடுத்துவிட்டு, மின்கம்பியும் இல்லாமல் ஐந்து நிமிடம் விட்டுப் புதியதைப் போடுங்கள். குழம்பிய அமைப்புகளும் அழிந்துவிடும். இப்போதைய சிக்கலுக்கு இதுவே காரணமா என்றால், பேட்டரி இல்லாமலும் பெரும்பாலான போர்டுகள் ஓடும், சில அடம்பிடிக்கும் என்பதற்கு மேல் சொல்ல இயலாது. ஆனால் பேட்டரி தீர்ந்ததன் இன்னொரு விளைவு பின்னால் வரும், அதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கணினி உயிர்பெற்று, டிஸ்க்கைத் திரும்ப மாட்டியதும் எக்ஸ்பியின் சின்னம் வந்து, உடனே 7பி என்று முடியும் எண்ணுடன் நீலத்திரை தோன்றினால், பயாஸ் தன் தொடக்க அமைப்புக்குத் திரும்பியதில் சாட்டாவின் இயங்குமுறை ஐடிஇ என்பதிலிருந்து ஏஹெச்சிஐ என்று மாறியிருக்கலாம். பயாஸுக்குள் போய் அதைப் பழையபடி மாற்றினால் விண்டோஸ் எழுந்துவிடும். இதே நீலத்திரையைக் காட்டினால் பல கடைகளில் "விண்டோஸ் போய்விட்டது, ஃபார்மட் அடிக்க வேண்டும்" என்பார்கள்.

என் கணிப்பைக் கேட்டால், உங்கள் அறிகுறிக்கு முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ், அடுத்தது ராமின் தொடர்பு, மூன்றாவதாகத்தான் மதர்போர்டு. பிராசசருக்கும் அதன் சூட்டை வாங்கும் உலோகத் தகடான ஹீட் சிங்க்குக்கும் இடையிலுள்ள பேஸ்ட் காய்ந்திருந்தாலும் இரண்டு விநாடியில் நிற்காது. ஹீட் சிங்க்கே ஒரு மூலையில் கழன்றிருந்தால் ஒழிய அதைச் சந்தேகிக்க வேண்டாம். முன்பக்கப் பவர் பொத்தான் உள்ளே அமுங்கிச் சிக்கிக்கொண்டாலும் கணினி ஓடிச் சில விநாடிகளில் நிற்கும் என்பதால், அதன் இரண்டு கம்பிகளையும் போர்டிலிருந்து உருவிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளை ஒரு திருப்புளியின் நுனியால் ஒரு கணம் தொட்டு ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. எஸ்எம்பிஎஸ்ஸோ ராமோ என்றால் செலவு செய்யலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய டிடிஆர்2 ராம் தேடினால் கிடைக்கும். போர்டே போய்விட்டதென்றால் நான் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தந்த பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்தது, இணையத்தில் இணைக்கத் தகுதியில்லாத கணினிக்குப் போர்டு தேடி அலைவது வீண்.

இவற்றில் எதையும் நீங்களே செய்யத் தயக்கமாக இருந்தால் கடைக்குக் கொண்டுபோவதில் தவறில்லை, ஆனால் ஹார்ட் டிஸ்க்கை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கேபினட்டை மட்டும் கொண்டுபோங்கள். "டிஸ்ப்ளே வர வேண்டும், பயாஸ் திரைவரை காட்டினால் போதும்" என்று சொல்லுங்கள். அந்தச் சோதனைக்கு டிஸ்க் தேவையே இல்லை. டிஸ்க்கும் வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தினால் வேறு கடை பாருங்கள்.